அப்பிடிச் சொல்லேலாது

அவர் மேடையில் பேசியதைப் பேசியபடியே பத்திரிகையில் போட்டதற்காக, ஒரு திங்கட்கிழமை காலை அவர் என்னோடு சண்டை போட வந்தார். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

எண்பதுகளின் தொடக்கம். நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் நிருபர். பிரிக்ஃபீல்ட்ஸில் மசாலா அரைக்கும் கடை ஒன்றின் மாடியில் ஒரு நலச் சங்கம் இருந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, பஸ் செலவு என்று கொடுத்து வந்தார்கள். அதன் ஆண்டுக் கூட்டத்தில், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்து, உதவி கொடுத்துக் கொடுத்தே சனத்தைச் சோம்பேறிகளாக்குகிறோம் என்று அரைமணி நேரம் பொரிந்து தள்ளினார். நல்ல பேச்சு. நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன்.

திங்கட்கிழமை அவரே என் மேசை முன்னால் நின்றார். அரைக்கைச் சட்டை, தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டிய கால்சட்டை, வெயிலிலும் மழையிலும் கையில் குடை.

"இதை எழுதினது ஆர்?"

"நான்தான் சார். எதுவும் தப்பா வந்திருச்சா?"

"தப்பில்லை. நான் சொன்னதுதான். ஆனா அப்பிடிச் சொல்லேலாது."

"நீங்கதானே சார் சொன்னீங்க?"

"மேடையில சொன்னன். அங்க எதிர்த்துக் கதைக்க ஆள் இருந்தது. உம்மட பேப்பரில ஆர் இருக்கினம்? வாசிக்கிறவன் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டுப் போயிடுவான்."

பிறகு உட்கார்ந்தார். நான் வாங்கிக் கொடுத்த தேநீர் ஆறும்வரை, தன் பேச்சைத் தானே ஒவ்வொரு கல்லாகக் கழற்றிக் கீழே போட்டார். பட்டினி கிடப்பவன் எப்படிச் சோம்பேறியாக இருக்க முடியும், சோம்பலுக்கும் வயிறு நிறைந்திருக்க வேண்டாமா என்று கேட்டார். மேடையில் பேசியதைவிட இது நன்றாக இருந்தது. இதையும் போடலாமா என்று கேட்டேன்.

"போட்டுப் பாரும்" என்றார். புதன்கிழமையும் வருவார் என்று விளங்கியது. போடவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். இவர் பிறந்தது இங்கே, ரயில்வே குவார்ட்டர்ஸில். ஆனாலும் பேச்சு அந்த ஊர்ப் பேச்சாகவே இருந்தது; 'சொல்ல முடியாது' என்பது அவர் வாயில் 'சொல்லேலாது' ஆகிவிடும். சரக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதே பிரிவில் பெரிய குமாஸ்தாவாக முடித்தவர். யார் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வது அவருடைய இயல்பு. கோபமில்லை, பகையில்லை. தராசில் ஒரு தட்டு கீழே போனால் மற்றத் தட்டில் கை வைக்காமல் அவரால் இருக்க முடியாது. வெயில் கொளுத்துகிறது என்றால், போன வருசத்து வெயிலைப் பார்த்தீரோ என்பார். ஆமாம் சார், போன வருசம்தான் அதிகம் என்று நாம் இறங்கி வந்தால், அப்பிடிச் சொல்லேலாது, போன வருசம் இடைக்கிடை மழை பெய்தது என்பார்.

அவர் மனைவி இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். ஒருநாள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கணவர் காதில் விழும்படியாகவே என்னிடம் சொன்னார்.

"இவர் வேலை செய்த காலம் முழுக்க வெள்ளைக்காரனுக்கும் ஓம் சேர், பிறகு வந்தவைக்கும் ஓம் சேர். இருந்த ஓம் எல்லாம் ஒஃபீசிலயே முடிஞ்சுது தம்பி. வீட்டுக்கு மிச்சம் கொண்டு வரேல்லை."

"அப்பிடிச் சொல்லேலாது" என்றது உள்ளறையிலிருந்து ஒரு குரல்.

அந்த அம்மா அவரை நடத்திச் செல்லும் முறை எளிமையானது. நான் எழுந்து புறப்படுகையில் உள்ளே பார்த்து, "இஞ்சேருங்கோ, இண்டைக்குப் பாசாருக்குப் போக வேண்டாம், மீன் ஒண்டும் நல்லா இராது" என்றார். நான் படியிறங்கித் தெருமுனைக்கு வருவதற்குள் அவர் பையும் குடையுமாக என்னைத் தாண்டி நடந்தார்.

கோயில் திருவிழாவில் ஒருமுறை பட்டிமன்றம் வைத்தார்கள். ஏழ்மைக்குக் காரணம் தனிமனிதனா, சமுதாயமா என்பது தலைப்பு. இவருக்குச் சமுதாயம் என்ற அணி. குடியையும் நாலு நம்பர் சூதாட்டத்தையும் சொல்லி எதிரணி கட்டிய கோட்டையை இவர் ஊதித் தள்ளினார். களைத்துப்போகிறவன்தான் குடிக்கிறான், வேறு கதவு திறக்காதவன்தான் நம்பர் வாங்குகிறான் என்று அவர் சொன்னபோது, பின்வரிசையில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். நடுவர் எழுந்து, சமுதாயமே காரணம் என்று தீர்ப்புச் சொன்னார். மாலை போட ஆள் வருவதற்குள் இவர் ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார். "நடுவர் அவர்கள் மன்னிக்க வேணும். அப்பிடி ஒரேயடியாச் சொல்லேலாது. தனிமனிதனிலயும் பிழை இருக்குது." அதன் பிறகு அவரைப் பட்டிமன்றத்துக்கு யாரும் கூப்பிடவில்லை.

சங்கத்தில் மட்டும் அவரை விட முடியவில்லை. விண்ணப்பித்தவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வருவதற்கு வேறு ஆளில்லை. சுங்கை பூலோவோ கிள்ளானோ, பஸ் மாறி, சேற்றில் நடந்து, கம்பம் என்று சொல்லும் ஏழைக் குடியிருப்பு வீடுகளின் பலகைத் தரையில் உட்கார்ந்து விசாரிப்பவர் அவர் ஒருவர்தான். செய்தி எழுதப் போன என்னையும் ஒரு கட்டத்தில் விளம்பரச் செயலாளர் என்று உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பதவிக்குக் கையுயர்த்தும் உரிமை இல்லை. ஆகவே எல்லாவற்றையும் நன்றாகப் பார்க்க முடிந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை செயற்குழு கூடும். உதவி கேட்பவர் நேரில் வந்து, தான் ஏன் கஷ்டப்படுகிறேன் என்பதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். கொடூரமான வழக்கம்தான். ஆனால் நெடுநாள் வழக்கம். செயற்குழுவில் ஐந்து பேர். தலைவர், இவர், இன்னும் மூவர். அந்த மூவரும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர வேண்டியவர்கள். யார் கடைசியாகப் பேசுகிறாரோ அவருக்குக் கையுயர்த்திவிட்டுப் போவார்கள். கடைசியாகப் பேசுகிறவர் எப்போதும் இவர்தான்.

தலைவர் ஜவுளிக்கடைக்காரர். துறைமுகத்தில் மூட்டை தூக்கி மேலே வந்தவர். தான் தூக்கிய மூட்டையை எல்லோரும் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. "குடுத்துப் பழக்காதீங்க லா. எனக்கு யாரு குடுத்தா?" என்று ஆரம்பிப்பார். உடனே இவர் எதிர்ப்பக்கம் ஏறிவிடுவார். உதவி கிடைத்துவிடும். உதவி கேட்டு வந்தவரே முதலில் தன் கஷ்டத்தை அழுது சொல்லிவிட்டால் மட்டும் சிக்கல். அப்போது இவர் அவருக்கு எதிராகப் பேசத் தொடங்குவார். தலைவர் புன்னகையோடு வாயை மூடிக்கொள்வார்.

சரோஜா முதல்முறை வந்தபோது அப்படித்தான் நடந்தது.

கிள்ளானுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். லோரியில் சுமை ஏற்றப்போன கணவன் முதுகு ஒடிந்து படுத்துவிட்டான். அவள் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவினாள். மகள் தேவிக்குப் படிப்பு நன்றாக வந்தது, பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஐந்தாம் படிவப் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருசம் இருந்தது. ஆனால் ரேடியோ சாமான் பூட்டும் தொழிற்சாலையின் பஸ் தினமும் காலையில் கம்பத்து வாசலில் வந்து நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அதில் ஏறிப் போனார்கள். பள்ளிச் செலவுக்கு வழி பிறக்காவிட்டால் தேவியும் ஏறியாக வேண்டும்.

"தோட்டத்த வித்துட்டாங்க சார். எங்கள நடுரோட்டுல விட்டுட்டாங்க" என்று ஆரம்பித்தாள் சரோஜா.

"அப்பிடிச் சொல்லேலாது. அதே தோட்டத்துச் சனம் எல்லாம் கஷ்டப்படுதோ? ஒருத்தன் பாசாரில மரக்கறி விக்கிறான். இன்னொருத்தன் சொந்தமா லொறி வைச்சிருக்கிறான். நானே போய்ப் பாத்தனான். தோட்டம் போனது ஒண்டுதான். ஆக்கள் வேற வேற மாதிரி ஆயிருக்கினம். அப்ப காரணம் தோட்டமோ?"

அவள் அழுதாள். அழுதது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் தலைவர்.

படியிறங்கும் இடத்தில் தேநீர்த் தட்டோடு நின்ற வேலு அவளை மறித்தார். சங்கத்தின் காவல், துப்புரவு, தேநீர் எல்லாம் அவர் பொறுப்பு.

"என்னாக்கா நீங்க, கஷ்டம்னு சொன்னா எப்படி குடுப்பாங்க?"

"கஷ்டத்துக்குத்தானேண்ணே வந்தேன்?"

"அந்தக் குடைக்காரர்ட்ட அப்படிச் சொல்லக்கூடாதுக்கா. எல்லாம் எங்க தப்புன்னு சொல்லுங்க. உதவி வேணாம்னு சொல்லுங்க. அப்புறம் சும்மா நில்லுங்க. அவரு பாத்துக்குவாரு."

அவள் அவரைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள். ஆனால் அடுத்த மாதம், சேலைத் தலைப்பை இறுகச் சொருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"எல்லாம் எங்க தப்புதாங்க சார். நாலு காசு சேத்து வச்சிருக்கணும். வைக்கல. உதவியெல்லாம் வேணாங்க. சும்மா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் நிமிர்ந்தார்.

"ஆர் சொன்னது உங்கட பிழை எண்டு? எந்தக் காசைச் சேர்க்கிறது? வீடு ஆரின்ர வீடு? கிணறு ஆரின்ர கிணறு? பிறந்த நாளில இருந்து வேலை, வீடு, ஆசுப்பத்திரி, கடை எல்லாம் ஒரே முதலாளியின்ர கையில. அவன் கையை எடுத்தா நீர் விழாமல் என்ன செய்யிறது? பிள்ளை படிக்குது. அதுவும் உம்மட பிழையோ?"

நான் கேட்ட அவருடைய பேச்சுகளில் அதுதான் மிகச் சிறந்தது. மூன்று பேரும் கையுயர்த்தத் தயாரானார்கள்.

அப்போதுதான் தலைவர் எழுந்தார். இத்தனை காலம் தோற்று வந்த அந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

"சார் சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்றார். "என் மனசே மாறிப்போச்சு. பள்ளிச் செலவு மட்டும் போதாது. அரிசி, பருப்பு குடுப்போம். வீட்டு வாடகையும் நாமளே கட்டுவோம். நான் முன்மொழியிறேன்."

இவர் வாய் பாதி திறந்தபடி தலைவரைப் பார்த்தார். யாரோ தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல இருந்தது அவர் முகம்.

"அப்பிடிச் சொல்லேலாது" என்றார், மெதுவாக.

பிறகு வேகம் பிடித்தது. வாடகையை நாங்கள் கட்டுகிறோம் என்று தெரிந்தால் வீட்டுக்காரன் வாடகையை உயர்த்துவான். அப்போது உதவி யாருக்கு? அரிசி கிடைத்த வீட்டையும் கிடைக்காத வீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் கம்பத்தில் பகை வரும். இன்றைக்குக் கொடுத்து நாளைக்கு நிறுத்தினால், இல்லாதபோது இருந்ததைவிடக் கஷ்டம் கூடும். ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் அவரிடம் இருந்த ஆபத்து. தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு, "அப்படீங்களா, அப்படீங்களா" என்று வருத்தத்தோடு தலையசைத்துக் கொண்டிருந்தார்.

சரோஜா வேலுவைப் பார்த்தாள். வேலு இதைப் பற்றி ஒன்றும் சொல்லித் தந்திருக்கவில்லை. தேநீர்த் தட்டோடு அவரும் வாயைப் பிளந்து நின்றார். அடுத்து அவள் செய்தது அவளே கண்டுபிடித்தது.

"பெரியய்யா சொல்றதுதாங்க சரி" என்றாள், இவரைப் பார்த்து. "குடுக்காதீங்க. வாடகையும் வேணாம், பள்ளிக்கூடச் செலவும் வேணாம். நாளைக்கே மவள ஃபேக்டரி பஸ்ஸுல ஏத்திவுட்டுர்றேன். படிச்சு என்னாத்தக் கிழிக்கப் போறா."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அது பாதி தந்திரம், மீதிப் பாதி நடக்கக்கூடியது.

"என்ன கதை கதைக்கிறீர்?" என்று இவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "படிக்கிற பிள்ளையை பஸ்ஸில ஏத்தவோ? ஒரு வருசச் சம்பளத்துக்காக ஒரு ஆயுளை விக்கிறதோ?"

இந்த இடத்தில் தலைவர் பேசாமல் இருந்திருக்கலாம். பழைய பழக்கம் விடவில்லை.

"அவங்களே வேணாங்கறாங்களே சார். நாம ஏன் வற்புறுத்தணும்?"

"நீர்தானே இப்ப வாடகையும் குடுக்கவேணும் எண்டு முன்மொழிஞ்சனீர்! நான் வழிமொழியிறன்!"

மூன்று கைகள் உயர்ந்தன. மணி ஒன்றாகிவிட்டது.

அன்று தெருமுனைக் கடையில் தேநீர் குடிக்கும்போது, நெடுநாளாக என் மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"சார், இவங்கெல்லாம் உங்களுக்காகத்தான் மாத்தி மாத்திப் பேசுறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஆர் சொன்னது? எனக்கு அப்பிடி ஒண்டும் தெரியாது."

"அப்ப உண்மையிலேயே தெரியாதா?"

"தெரியாது எண்டு எப்பிடிச் சொல்லேலும்? என்னை என்ன விசரன் எண்டு நினைச்சீரோ?"

ஒரு நிருபராக நான் தோற்ற பேட்டிகளில் இதுவும் ஒன்று. கேள்வியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அந்த மனிதர் மறுபக்கத்தில் இருந்தார்.

தேவி பரீட்சையில் நன்றாகத் தேறினாள். தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது, தங்குமிடமும் மாதப்படியும் உண்டு. அவளுடைய முதல் படி வந்த மாதத்தில் சரோஜா மறுபடியும் மாடியேறி வந்தாள். கூடவே கம்பத்துப் பக்கத்து வீட்டுக்காரி லட்சுமி. புருசனைப் பறிகொடுத்தவள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ளவள். சங்கத்துக்கு ஒரு குடும்பம் விலகினால்தான் இன்னொரு குடும்பத்தைச் சேர்க்கும் வசதி இருந்தது. லட்சுமியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு சரோஜா மட்டும் உள்ளே வந்தாள்.

"ரொம்ப நன்றிங்க. எங்களுக்குப் போதும். இனிமே எங்களுக்கு வேணாங்க."

இதைவிட நேர்மையான பேச்சு அந்த மாடியில் நடந்ததில்லை. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா! இதத்தான் நான் இத்தனை வருசமாச் சொல்றேன்! சொந்தக் கால்ல நிக்கிறாங்க!"

அது போதாதா? இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்பிடிச் சொல்லேலாது. பயிற்சிப் படி எண்டுறது சம்பளமோ? புருசனுக்கு மருந்து ஆர் வாங்கிறது? ஒரு படி ஏறினவுடன ஏணியை எடுத்தா விழுறது லேசு. இன்னும் ரெண்டு வருசம் குடுக்க வேணும்."

"இல்லீங்க சார், நெசமாவே வேணாங்க."

"நெசமா எண்டால்?"

"நெசமாங்க. சத்தியமா."

அவள் சத்தியம் செய்யச் செய்ய இவர் ஆதாரங்களை அடுக்கிக்கொண்டே போனார். மூன்று பேரில் ஒருவருடைய கை ஏற்கனவே பாதி உயர்ந்திருந்தது. வெளியே பெஞ்சில் லட்சுமி எட்டி எட்டிப் பார்த்தாள். சரோஜா ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"சரிங்க சார். அப்பக் குடுங்க. கொஞ்சம் கூட்டியே குடுங்க. நீங்க சொல்றாப்ல செலவு இருக்குல்ல. வூட்டுல ஒரு கலர் டிவி வாங்கணும். ஒரு சோபா செட்டும் போடலாம்னு இருக்கேன்."

"டிவியோ?" என்றார் அவர்.

"பெரிய டிவிங்க."

அவர் தலைவர் பக்கம் திரும்பினார், பிறகு மூவர் பக்கம், பிறகு என் பக்கம். "கேட்டியளோ? மகள் உழைக்கத் தொடங்கியாச்சு. தாயும் உழைக்கிறா. இவைக்கு என்னத்துக்கு உதவி? இதுக்குத்தானோ நாங்கள் சனத்திட்ட காசு சேர்க்கிறது? நிப்பாட்டுங்கோ!"

கைகள் உயர்ந்தன. சரோஜா கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். கதவுக்கு அப்பால் அவள் லட்சுமியின் தோளைத் தொட்டு ஏதோ சொல்வது தெரிந்தது. கிள்ளானிலிருந்து வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்ததையே இன்னொரு தடவை சொல்லியிருப்பாள்.

லட்சுமி உள்ளே வந்தாள். இவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"சொல்லும் பிள்ளை. என்ன கஷ்டம்? ஆரால வந்தது?"

"ஒரு கஷ்டமும் இல்லீங்க" என்றாள் அவள், பாடம் ஒப்பிப்பதுபோல. "இருந்தாலும் அது நானாத் தேடிக்கிட்டதுங்க."

தலைவர் கண்களை மூடிக்கொண்டார். இவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.